பருத்திக் கிட்டங்கியில் ஒரு செல்லோ

என் கொழுந்தன் சாமித்துரை வாசிக்கும் வாத்தியத்துக்குச் செல்லோ என்று பெயர். வயலினுக்கு ஒரு வருஷம் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டு வளர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அதை நிறுத்தி, வில்லால் இழுக்க வேண்டும். குரல் நல்ல குரல்தான். அந்த வாத்தியத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"சின்ன வயசிலேயே அந்த ஒலி என்னைக் கூப்பிட்டது" என்று யூடியூப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கூப்பிட்டது உண்மைதான், ஆனால் இவர் போய்ச் சேர்ந்தது லேட்டு. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் போட்டுப் படிக்க வைத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் மேல்நாட்டுச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, இவர் பொங்கல் லீவுக்கு வந்தவர் கரும்பு தீரும்வரை திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் வயலினையெல்லாம் நேரத்தோடு வந்த பையன்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தூக்க ஆளில்லாமல் மூலையில் மிச்சம் கிடந்தது செல்லோ. இவர் உயரம் வேறு. அப்படித்தான் அந்த ஒலி இவரைக் கூப்பிட்டது.

பிறகு சென்னை. பரீட்சைகள் எழுதிப் பாஸ் பண்ணினார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு மும்பை. அங்கே ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறார் என்று எங்கள் ஊரே சொல்லிக்கொண்டது. கழுகுமலை போகும் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கிற ஊர் எங்களுடையது. கருப்பு மண், பருத்தி, மிளகாய், மழை பெய்தால் உளுந்து. அங்கிருந்து ஒரு ஆள் கோட்டு போட்டுக்கொண்டு மும்பையில் உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? "நம்ம சங்கிலிப்பாண்டி மவன் வெளிநாட்டுக்காரனோட வாசிக்கான்" என்று டீக்கடையில் பேச்சு.

உள்ளே இருந்த உண்மை என்ன என்றால், அவருக்கு அங்கே வேலை கிடையாது. எக்ஸ்ட்ரா ஆள். கச்சேரி சீசன் வந்தால் கூப்பிடுவார்கள். போய், எட்டு செல்லோக்காரர்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, மற்ற ஏழு பேரும் இழுக்கிற திசையிலேயே இவரும் இழுத்துவிட்டு வர வேண்டும். கூப்பிடாத மாதங்களில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன். எங்கள் ஊரில் களையெடுக்க ஆள் கூப்பிடுவதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான்: களையெடுக்கிறவள் கோட்டு போட மாட்டாள். பதினோரு வருஷமாக இப்படி.

ஆனால் ஊருக்கு வந்தால் அலட்டல் மட்டும் குறையாது. தலைமுடியை வளர்த்துப் பின்னால் முடிந்துகொண்டு, "நம்ம ஊர்க்காரங்களுக்குக் காதே கிடையாது மதினி" என்பார். ராத்திரி முழுக்கக் கன்றுக்குட்டி தண்ணீருக்குக் கத்தினால் அது அவர் காதில் விழாது.

ஒருமுறை கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். நான் அரிசிச் சிப்பத்தோடு, அவர் பெட்டியோடு. ஆள் உயரப் பெட்டி.

"அண்ணாச்சி, உள்ள என்ன?" என்றார் கண்டக்டர்.

"வாத்தியம்."

"கீழ படுக்கப் போடுங்க."

"படுக்கப் போட்டா கால் பட்டு உடைஞ்சிரும்."

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க, உக்காந்து வரட்டும்."

எடுத்தார். பெட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது, அவர் அதைக் கட்டிப்பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நான் அரிசிச் சிப்பத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இறங்குகிற இடம் வரை நின்றேன். மதினி நிற்கிறாளே என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

வீட்டிலும் அதே கதை. மாமியார் வேலுத்தாய்க்கு ரத்தக்கொதிப்பு, வெயில் ஆகாது என்று ஒரு அறையில் ஏசி போட்டிருந்தோம். இவர் வந்த அன்றைக்கு மாமியாருடைய கட்டில் வெளியே, செல்லோ உள்ளே.

"அம்மா, இந்த வெக்கையில மரம் வெடிச்சிரும்."

"நான் வெடிச்சா ஒட்டிக்கிடலாமாலே?" என்றார் மாமியார்.

ஏசிக் காற்றும் மரத்தைக் காய வைக்குமாம். அதற்காக அறைக்குள் ஒரு அண்டா தண்ணீர். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று அம்மனுக்கே தெரியாது. நான் குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினேன், மரம் தாகம் தீர்த்துக்கொண்டது.

இவருக்கு வாழ்க்கைப்பட்டவள் செண்பகவல்லி. கயத்தாற்றுப் பெண், அவள் அப்பா நாலு வழிச்சாலையில் லாரிக்காரர்களுக்கு டயர் பஞ்சர் ஒட்டுகிறவர். கணக்கு டீச்சருக்குப் படித்தவள். மும்பை மாப்பிள்ளை என்று கட்டிக்கொடுத்தார்கள். மும்பையில் ஒரே அறை. இவர் வாசிக்க ஆரம்பித்தால் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்ச் சமாதானம் பேச வேண்டும். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வந்ததும் கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எக்ஸ்ட்ரா ஆளை நம்பி எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?

இந்த வருஷம் பங்குனி பிறந்ததும் கயத்தாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கொடுப்பதாகச் சொன்னார்கள். ஜூனில் சேர வேண்டும். அதே வாரம் சாமித்துரை எங்கள் அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தார். அவள் நேராகவே சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு அங்க நிரந்தரமா ஒரு வேலை இருந்தா நானும் புள்ளையும் வாரோம். இல்லாட்டி நான் கயத்தாத்துல சேந்துருதேன். பெறவு நீங்க வருஷத்துக்கு ஒருக்கா பொங்கலுக்கு வந்து எங்களைப் பாத்துட்டுப் போங்க."

"கலைஞனோட வாழ்க்கை உனக்குப் புரியாது."

"புரியாண்டாம். வாடகை வாங்குத வீட்டுக்காரனுக்குப் புரியுதான்னு கேட்டுச் சொல்லுங்க."

இவர் அன்று சாயங்காலம் செய்த காரியம், அக்கினிச்சட்டி தான்தான் எடுப்பேன் என்று நின்றது. வருஷா வருஷம் அதை எடுப்பது என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி. மூத்தவருக்கு உரிய உரிமை. கோவில்பட்டியிலிருந்து யூடியூப்காரர் ஒருவர் கேமராவோடு வருகிறாராம். உலக மேடையில் வாசிக்கிற கலைஞர் சொந்த ஊரில் தீச்சட்டி ஏந்துகிறார் என்று வீடியோ எடுப்பாராம். என் வீட்டுக்காரர் தம்பி கேட்டால் கோவணத்தையும் அவிழ்த்துக் கொடுக்கிற ஆள். "சரில, எடு" என்றார்.

அக்கினிச்சட்டி எடுக்க வேண்டுமானால் காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் கயிறு, வலது மணிக்கட்டில். கட்டினால் எட்டாம் நாள் பொங்கல் முடிந்து கயிறு அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. செத்த வீடு, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி எதுவானாலும் போகக் கூடாது. தாண்டினால் பொங்கல் நின்று போகும், ஊர் மழை போகும் என்பார்கள். எங்கள் ஊரில் இது மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சாமித்துரைக்கும் தெரியும். கேமராவை நினைத்துக் கையை நீட்டினார்.

மறுநாள் காலையில் மும்பையிலிருந்து மெயில் வந்தது. ஆர்கெஸ்ட்ராவில் செல்லோவுக்கு ஒரு நிரந்தர இடம் காலி. விருப்பம் உள்ளவர்கள் முதல் சுற்றுக்கு வாசித்து வீடியோ அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது, பின்னால் வேறு சத்தம் கேட்கக் கூடாது. கடைசி நாள், பொங்கலுக்கு முந்தின நாள்.

செண்பகவல்லி மெயிலைப் படித்தாள். அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். போய்த் துணி துவைக்க ஆரம்பித்தாள். அடித்த அடியில் சட்டைப் பட்டன் தெறித்தது.

பொங்கல் நடக்கிற ஊரில் சத்தமில்லாத இடம் எங்கே இருக்கிறது? விடிந்ததும் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. வேப்பமரத்துக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று, எங்கள் வீட்டு முக்கில் ஒன்று. சாமித்துரை மைக்செட்காரரிடம் போய் அரை மணி நேரம் நிப்பாட்டச் சொன்னார்.

"நிப்பாட்டுனா அம்மன் கோவிச்சுக்கிடும்" என்றார் அவர்.

"அம்மன் சொல்லிச்சா?"

"நிப்பாட்டச் சொல்லலைலா."

ஏசி அறையில் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு வாசித்துப் பார்த்தார். முதல் தடவை குக்கர் விசில். இரண்டாம் தடவை ஆட்டுக்குட்டி. மூன்றாம் தடவை அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "மதினி, அந்த மிக்ஸிய நிப்பாட்டுங்க."

"சட்னி வேண்டாம்னா நிப்பாட்டுதேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்திருப்பார் போல. "அரைச்சிட்டு நிப்பாட்டுங்க" என்றார்.

அவர் தேடியது அமைதியை மட்டும் அல்ல என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. உயரமான கூரை, வழவழவென்று கல் பதித்த தரை. ஒருத்தர் இருமினால் நாலு பேர் இருமினது போலக் கேட்கும். அங்கே போய் வாசித்தால் ஒலி சும்மா ததும்பும் என்று அவருக்குத் தெரியும். மேனேஜரிடம் போனில் பேசி ரகசியமாக ஏற்பாடு பண்ணிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். பங்குனி மத்தியானத்தில் யார் வெளியே இருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

லோடு ஆட்டோ ஒன்றைப் பிடித்து, செல்லோப் பெட்டியை ஏற்றி, மேலே சோளத்தட்டையைப் பரப்பி மூடினார். மஞ்சள் கயிறு தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பட்டனையும் மாட்டிக்கொண்டார். இதை நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த வெயிலில் எங்கள் ஊரில் எவனும் சட்டையே போட மாட்டான். முழுக்கைச் சட்டை போட்டவன் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லை களவாணியாக இருக்க வேண்டும். அது போக, ஊருக்குள்ளே வர வேண்டிய தட்டை ஊரைவிட்டு வெளியே போகிறது.

எல்லைக்கல் பக்கத்துக் குழாயில் அன்று தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் பூராவும் குடத்தோடு அங்கே. பாண்டியம்மாள் என்று ஒருத்தி, எங்கள் ஊரில் அவள் கண்ணில் படாமல் பூனைகூடக் குட்டி போடாது. ஆட்டோவுக்கு முன்னால் குடத்தை வைத்தாள்.

"ஏ சாமித்துரை, தட்டைக்குள்ள யாரு பொணம்?"

தட்டை சரிந்து, பெட்டி தோள்பட்டை வரை தெரிந்திருக்கிறது.

"வாத்தியம் சின்னம்மா. ரிப்பேருக்கு."

"ரிப்பேருக்கா. கைய நீட்டு பாப்போம்."

"எதுக்கு?"

"குடத்தைத் தூக்கி விடு, அதுக்குத்தான்."

குடத்தைத் தூக்கக் கையை நீட்டினார். சட்டைக் கை மேலே ஏறியது. மஞ்சள் கயிறு வெளியே வந்தது. அப்புறம் குழாயடியில் அவருக்குக் கிடைத்த வார்த்தைகளை நான் இங்கே எழுதவில்லை. ஆட்டோ திரும்பி வந்தது.

என் வீட்டுக்காரர் சத்தம் போட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "ஏலே, கையில கட்டுனது என்ன, கடிகாரமா? நேரம் பாக்கவா கட்டுன?"

"என் வாழ்க்கையே இதுல இருக்குண்ணே. இந்தக் காட்டு ஊர்ல அரை மணி நேரம் அமைதி கிடையாது. நான் என்னதான் பண்ண?"

அப்போது முகம்மது இஸ்மாயில் பாய் எங்கள் பருத்தியைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறையாக எங்கள் ஊர்ப் பருத்தியை வாங்குகிற குடும்பம். ஊருக்குள், எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே, வாங்கின பருத்தியை அடைத்து வைக்கிற அவருடைய கிட்டங்கி இருக்கிறது.

"அமைதிதான தம்பி வேணும்? நம்ம கிட்டங்கிக்கு வாங்க. பருத்தி கூரை மோடு வரைக்கும் கிடக்கு. வெளிய நின்னு லாரி ஆரன் அடிச்சாலும் உள்ள கேக்காது. ரசூல் பீவி கூப்பிட்டா கேக்கக்கூடாதுன்னுதான் நான் மத்தியானம் அங்க போய்ப் படுக்கது."

ரசூல் பீவி அவர் மனைவி. அவள் குரலை நான் கேட்டிருக்கிறேன். அது கேட்காத இடம் என்றால் நம்பலாம்.

மறுநாள் மத்தியானம் போனோம். போனைப் பிடிக்கச் செண்பகவல்லி, தண்ணீரும் துணியும் சுமக்க நான். பாய் கதவைத் திறந்து விட்டுப் போய்விட்டார். முழங்கை நீளக் கனத்தில் சுவர். மூன்று பக்கமும் பருத்தி அம்பாரம் கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது, நடுவில் ஒரு கட்டில் போடுகிற அளவு வெறும் தரை. கதவைச் சாத்தியதும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஊரே செத்துப் போனது போல இருந்தது.

"ஆகா" என்றார் சாமித்துரை. அவர் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

செல்லோவின் அடியில் ஒரு கம்பி உண்டு, அதைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்த வேண்டும். என் வீட்டு டைல்ஸில் அம்மை போட்ட மாதிரிக் குழி விழுந்திருப்பது அதனால்தான். கிட்டங்கியில் மண் தரை, கம்பி உள்ளே இறங்கிக்கொண்டே போனது. நான் வெளியே போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பொறுக்கி வந்து கவிழ்த்து வைத்தேன். அதன் கண்ணில் கம்பி நின்றது. உலக மேடைக் கலைஞர் சிரட்டை மேல் வாத்தியத்தை நிறுத்தி வில்லை எடுத்தார்.

இழுத்தார். நிறுத்தினார். மேலே பார்த்தார். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறவன் முகம் அது. மறுபடி இழுத்தார். வில் நின்ற இடத்தில் ஒலியும் நின்றது. மண்டபத்தில் என்றால் அவர் வில்லை எடுத்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். இங்கே பருத்தி அப்படியே விழுங்கிவிட்டது.

இடது கையை நடுக்கி நடுக்கி ஸ்வரத்தை அசைப்பது அவர் வழக்கம். பார்க்கிறவர்கள் உருகிப் போவார்கள். ஊசிப்போன சாம்பாரில் தாளிப்பை அள்ளிக் கொட்டுகிற வேலைதான் அது என்று எனக்கு அந்தக் கிட்டங்கியில் தெரிந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரே இடத்தை மூன்று தடவை வாசித்தால் மூன்றும் வேறு வேறாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் காது இருந்தால் போதும். விரல் போய் இறங்குகிற இடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி இருந்தது. பிறகு நடுங்கி நடுங்கிச் சரியான இடத்துக்கு நகர்ந்தது.

குற்றம் சொல்ல ஆரம்பித்தார். வெக்கையில் தந்தி இறங்குகிறது. பஞ்சு இழை பறந்து வந்து வில்லில் ஒட்டுகிறது. அது மட்டும் உண்மை. நான் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். போன் மட்டமான போன். கடைசியில் என்னிடம் வந்தார்.

"மதினி, மூச்சை மெதுவா விடுங்க. கேக்குது."

"விடாமலேயே இருக்கேன் தம்பி. பெறவு இந்தப் பெட்டியிலயே வச்சுக் கொண்டு போயிருங்க."

"இங்க சவுண்டே வரலை" என்று வில்லை மடியில் போட்டார். "மண்டபம் இல்லாம இந்த வாத்தியம் ஒண்ணுமில்லை. உங்களுக்கு யாருக்கும் இது விளங்காது."

செண்பகவல்லி போனைக் கீழே வைத்தாள்.

"சவுண்டு வருது. நீங்க வாசிக்கது மட்டும் வருது. மண்டபம் வாசிக்கது வரலை."

"உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. கல்யாணமான புதுசுல உங்க கச்சேரிக்கெல்லாம் வருவேன்லா. எட்டுப் பேரு இழுப்பீங்க. கண்ணை மூடிட்டு, இதுல நம்ம வீட்டுக்காரரு எதுன்னு தேடித் தேடிக் கேப்பேன். ஒருக்கா கூட கண்டுபிடிக்க முடியலை. பெறவு வரதை விட்டுட்டேன்."

நான் வில்லை எடுத்துத் துடைத்தேன், அந்த இடத்தில் பேசினால் பருத்திகூட அதை விழுங்காது. அவருக்கு மூக்கு நுனியில் வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எங்கே போவார், எல்லையைத் தாண்ட முடியாது. ஊரெல்லாம் ஸ்பீக்கர். அவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

"கையை நடுக்காம வாசிங்க" என்றாள் அவள். "விரலை வச்சா வச்ச எடத்துல நிக்கட்டும். தப்பா இருந்தா தப்பாவே நிக்கட்டும். பெறவு மாத்துவோம்."

நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். அவர் முறைத்தார். பிறகு வைத்தார். தப்பாகவே நின்றது. மாற்றி வைத்தார்.

அன்று, மறுநாள், அதற்கு மறுநாளும் இதே வேலை. கதவைச் சாத்தினால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. முடிந்து வெளியே வரும்போது அவர் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி, கிழவனைப் போல இருப்பார். பாண்டியம்மாள் குழாயடியில் நின்று, "பொணம் எந்திரிச்சி நடக்கு" என்பாள். பதினோரு வருஷத்தில் அவர் உருப்படியாக வேலை பார்த்து நான் கண்டது அந்த மூன்று நாள்தான். அதையும் ஒரு பொம்பிளை பக்கத்தில் உட்கார்ந்து வாங்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள், அனுப்ப வேண்டிய மெதுவான உருப்படியை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் வாசித்தார். நடுக்கம் கிடையாது, தலையை ஆட்டவில்லை, கண்ணைச் சொருகவில்லை. சிரட்டை மேல் நின்ற அந்த மரம் பேசுகிற ஒரு ஆள் போல இருந்தது, என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிற ஆள். அந்த மாதிரி ஆட்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. உப்பு, புளி, காரம் சரி. அதற்கு மேல் புகழ எனக்கு வராது.

"அனுப்பிருவோம்" என்றாள் செண்பகவல்லி. ரசூல் பீவி வீட்டில் வைஃபை உண்டு. அங்கே உட்கார்ந்து அனுப்பினார்கள்.

பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுத்தார். புகை கண்ணில் ஏறித் தாரை தாரையாகத் தண்ணீர். யூடியூப்காரர் அதைக் கிட்டத்தில் எடுத்து, பக்திப் பரவசம் என்று எழுதிப் போட்டார். நிறையப் பேர் பார்த்தார்களாம்.

முதல் சுற்றில் தேறிவிட்டார் என்று சித்திரையில் தகவல் வந்தது. இரண்டாம் சுற்று மும்பையில், நேரில். நடுவில் திரை போட்டுவிடுவார்களாம். தீர்ப்புச் சொல்கிறவர்கள் அந்தப் பக்கம், வாசிக்கிறவர் இந்தப் பக்கம். முடிந்த கொண்டையும் தெரியாது, மூடின கண்ணும் தெரியாது. அந்த விஷயத்தில் விவரமான ஆட்கள். கிளம்புகிற அன்று செண்பகவல்லி அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "பருத்திக்குள்ள இருக்கதா நெனைச்சுக்கிடுங்க."

வைகாசியில் வேலை உறுதியானது. எட்டாவது நாற்காலிதான், அதே கடைசி. ஆனால் மாதச் சம்பளம், வருஷம் பூராவும் வேலை. செண்பகவல்லி கயத்தாற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு என்னிடம் வந்து, "மெத்தை தைக்கணும்க்கா" என்றாள்.

"எதுக்கு?"

"புது வீட்டுல ஒரு ரூம்பு. நாலு செவுத்துக்கும் மெத்தை கட்டித் தொங்கவிடப் போறேன். அதுக்குள்ள உக்காந்து பழகட்டும்."

"மும்பையில பஞ்சு கிடைக்காதா?"

"கிடைக்கும். அங்க போயி வாங்க இவுக விடுவாவளா? இங்கனயே ஏத்திட்டா தப்பிக்க முடியாது."

பாய் தன் பருத்தியிலேயே மெத்தை தைத்துக் கொடுத்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கோவில்பட்டியில் பாராட்டு விழா வைத்தார்கள். எங்கே? அதே கல்யாண மண்டபத்தில். பொன்னாடை போர்த்தினார்கள். சாமித்துரை மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் பெரிய பெரிய அரங்கத்துல போய் வாசிச்சு அனுப்பினாங்க. நான் மட்டும் வேணும்னே என் கரிசல் மண்ணுல, பருத்திக்கு நடுவுல உக்காந்து வாசிச்சேன். மண்டபம் பொய் சொல்லும், பருத்தி பொய் சொல்லாது. இது நான் ரொம்ப வருஷமா யோசிச்சு வச்சிருந்த முறை."

கைதட்டினார்கள். பாய் பக்கத்தில் இருந்தவரிடம், "சோளத்தட்டை யோசனையும் ரொம்ப வருஷத்துதான்" என்றார். என் வீட்டுக்காரர் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். தம்பி சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. செண்பகவல்லி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வாசித்தார். கல் தரை, உயரமான கூரை. ஒலி எழும்பிச் சுற்றிச் சுற்றி வந்தது. முதல் நாலு இழுப்பு ஒழுங்காகப் போனது. அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். கண் சொருகியது. இடது கை நடுங்க ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒரு அம்மா உருகிப் போய்க் கண்ணைத் துடைத்தாள்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டாவ" என்றாள் செண்பகவல்லி. "எத்தனை மெத்தை தச்சோம்க்கா?"

"நாலு."

"கூரைக்கும் ஒண்ணு போட்டுருக்கலாம்."

மறுநாள் ரயிலுக்குப் போக ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினோம். அதே கண்டக்டர். செல்லோவுக்கு டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தாள் செண்பகவல்லி. மகளை மடியில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். சுருட்டிக் கட்டிய மெத்தைகள் பின் சீட்டு பூராவும் அடைத்துக்கொண்டன. முன்னால் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது, உட்கார்ந்தேன். சாமித்துரை பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"மெத்தையைக் கொஞ்சம் தள்ளி வையுங்களேன்" என்றார் கண்டக்டரிடம்.

"தள்ளுனா அவுந்துரும் அண்ணாச்சி. கோவில்பட்டி பக்கம்தான. கம்பியப் பிடிச்சிக்கிடுங்க."

பிடித்துக்கொண்டார்.